ஆண்டறிக்கையும் நான்கு பேர் வழியனுப்பும் ஒரே மேடையில், எப்படிச் சமாளிப்பது?

கரிசல் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் ஆண்டு விழாப் பொறுப்பை ஹெச்.எம். என் தலையில் கட்டிவிட்டார், ஆண்டறிக்கை எழுதுவதும் அதை மேடையில் வாசிப்பதும் அதில் அடக்கம்.

போன வருட அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். மாணவர் எண்ணிக்கை, வகுப்பறை எண்ணிக்கை, சுற்றுச்சுவர், கழிப்பறை, யார் எந்தத் தேதியில் பார்வையிட வந்தார், எந்த மன்றம் எத்தனை கூட்டம் போட்டது என்று எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவு) ஏற்றுகிற மாதிரி எல்லாம் இருக்கிறது. அதை வாசித்து முடிப்பதற்குள் டான்ஸுக்கு மேக்கப் போட்ட பிள்ளைகள் வியர்த்து வழிந்து நின்றார்கள், பெற்றோர் பாதிப் பேர் எழுந்து கேட் பக்கம் போய்விட்டார்கள். இந்த முறை சொல்வதற்கு நிஜமாகவே நல்ல விஷயங்கள் இருக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சிலம்பத்தில் மாநிலப் போட்டி வரைக்கும் போய் வந்திருக்கிறாள், கலைத் திருவிழாவில் எங்கள் வில்லுப்பாட்டுக் குழு மாவட்ட அளவில் பரிசு வாங்கியது, ஒரு பையன் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தருகிற இன்ஸ்பயர் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற உதவித்தொகைத் தேர்வான என்.எம்.எம்.எஸ். முடிவு இன்னும் வரவில்லை. போன வருடப் பத்தாம் வகுப்பில் இரண்டு பேர் ஃபெயில், அதைச் சொல்வதா விடுவதா என்று அறையில் ஒரு விவாதமே நடந்தது.

இது பாதிதான். அதே மேடையில் நான்கு பேருக்குப் பிரிவு உபசாரமும் இருக்கிறது. தமிழம்மாவுக்கு நவம்பரிலேயே 60 முடிந்துவிட்டது, கல்வியாண்டு முடியும் வரை மறுநியமனத்தில் இருக்கிறார்கள். சத்துணவுச் சமையலர் அக்கா ஓய்வு பெறுகிறார்கள். கணக்கு சார் மாறுதலில் சொந்த ஊருக்குப் போகிறார். அப்புறம் அறிவியலுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்த தற்காலிக ஆசிரியைக்குப் பள்ளியின் கடைசி வேலை நாளோடு காலம் முடிகிறது. ஆசிரியர் அறையில் போட்ட திட்டம் என்னவென்றால் தமிழம்மாவுக்கு மோதிரம், கணக்கு சாருக்குக் கைக்கடிகாரம், சமையலர் அக்காவுக்கு ஒரு சால்வை, தற்காலிக ஆசிரியைக்கு ஒன்றும் இல்லை, "அவங்க டெம்பரரிதானே". எனக்கு இது உறுத்துகிறது, ஆனால் நான் அங்கே ஜூனியர். முன்பே செய்தவர்கள் யோசனை சொல்லுங்கள்.

ஓய்வு ஹெச்எம்:

டீச்சர், முதலில் அறிக்கையை இரண்டாக்குங்கள். நீங்கள் சொன்ன கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் ஒரு முழு அறிக்கையாகத் தட்டச்சாகி ஃபைலுக்கும் மேலாண்மைக் குழுவுக்கும் போகட்டும், சிறப்பு விருந்தினர் கையில் ஒரு பிரதி கொடுத்தால் அவருக்கும் பேசுவதற்கு விஷயம் கிடைக்கும். மேடையில் வாசிப்பது பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது, அதில் கட்டடமே வரவேண்டாம், பிள்ளைகள் மட்டும். ஒவ்வொரு பெயரையும் வகுப்போடு வாசித்துவிட்டு அந்தப் பிள்ளை எழுந்து நிற்கும் வரை நிறுத்துங்கள். நான் ஹெச்.எம்.மாக இருந்தபோது பெயர்ப் பட்டியலை விழாவுக்கு முதல் நாளே அந்தந்த வகுப்பாசிரியரிடம் கொடுத்து, எழுத்துப் பிழை, முதலெழுத்து, உச்சரிப்பு எல்லாம் சரிபார்க்கச் சொல்லிவிடுவேன். மைக்கில் பெயர் தப்பாக வந்தால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பிள்ளைக்கு அது ஆறாது.

என்.எம்.எம்.எஸ். பற்றி. பிப்ரவரி வாக்கில் எழுதுவார்கள், விழாவுக்கு முன்னால் முடிவு வராமல் போவது வழக்கம்தான். அதற்காகக் காத்திருக்க வேண்டாம், எழுதிய அத்தனை பேரையும் எழுப்பி நிற்க வையுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை மற்ற பாடங்களுக்கு நடுவே மனத்திறன் 90 கேள்வி, படிப்புத்திறன் 90 கேள்வி என்று உட்கார்ந்து பயிற்சி எடுத்ததே பெரிய காரியம், தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 இடம்தான். முந்தைய வருடம் தேர்வானவர்கள் இப்போது ஒன்பதில் இருப்பார்கள், அவர்களைச் சொல்லும்போது ரூபாயில் சொல்லுங்கள். மாதம் 1,000, ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு முடிய 48,000. "தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் திட்டம்" என்று முழங்கினால் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது, 48,000 என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். வருடா வருடம் இணையதளத்தில் புதுப்பிக்கவில்லை என்றால் பணம் நின்றுவிடும் என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

ஃபெயிலான இரண்டு பேர் துணைத் தேர்வு எழுதினார்களா? எழுதிப் பாஸாகி அதே வருடம் பதினொன்றில் சேர்ந்திருந்தால் அதுவும் அறிக்கைக்குரிய செய்திதான், யார் என்று பெயர் சொல்ல வேண்டாம், "எழுதிய அனைவரும் இன்று மேல்நிலையில் படிக்கிறார்கள்" என்ற ஒரு வரி போதும். அந்த இரண்டு பேருக்குத் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியர் யாரோ அவருக்கு அந்த வரி புரியும். முதலிடம், இரண்டாமிடம் என்று படம் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கும் வேலையும் வேண்டாம். அரசே 2017-லிருந்து மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது, நாம் எதற்கு அதை இழுத்துக்கொண்டு.

இன்னொன்று, எல்லாரும் கோட்டை விடுவது. உங்களுடையது உயர்நிலைப் பள்ளி, பத்தாவது முடித்த பிள்ளைகள் எப்படியும் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டுக்கு ஏப்ரல் மாதமே தனியார் பள்ளி ஆட்கள் "ஃபீஸ் வேண்டாம், பஸ் ஃப்ரீ" என்று வந்துவிடுவார்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது, அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பதினொன்றில் தனியாருக்குப் போனால் அதுவும் போச்சு, கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் இரண்டும் போச்சு. அத்தனை பெற்றோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான். இதை அறிக்கைக்குள்ளேயே வைத்து இரண்டு நிமிடம் பேசிவிடுங்கள்.

பெட் மாஸ்டர்:

ஹெச்.எம். ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் எந்த அறிக்கையிலும் விளையாட்டு கடைசிப் பத்தியில்தான் வரும், அதுவும் "விளையாட்டுப் போட்டிகளில் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றனர்" என்று ஒரே மூச்சில். டீச்சர், அந்தச் சிலம்பப் பெண்ணை முதலில் சொல்லுங்கள். குறுவட்டம் ஜெயித்து, மாவட்டம் ஜெயித்து, பிறகுதான் மாநிலம். ஒவ்வொரு கட்டத்துக்கும் காலை நான்கு மணிக்கு எழுந்து பஸ் பிடித்து, துணைக்கு ஒரு ஆசிரியை போய், போகிற வழியில் டீக்கடையில் இட்லி வாங்கிக் கொடுத்து (யார் காசு என்று கேட்காதீர்கள்), வயதுச் சான்று, போனஃபைடு, ஆதார் நகல் என்று ஒரு கட்டு காகிதம் தூக்கிக்கொண்டு அலைந்து வந்ததை மேடையில் இரண்டு வாக்கியமாவது சொல்ல வேண்டாமா. வீட்டில் அனுப்பமாட்டேன் என்று சொல்லியிருப்பார்கள், யாரோ போய்ப் பேசியிருப்பார்கள். அந்த அம்மா அப்பா கூட்டத்தில் இருந்தால் அவர்களையும் எழுப்பி நிற்க வையுங்கள், அடுத்த வருடம் இன்னும் நாலு வீட்டில் பெண்களை அனுப்புவார்கள்.

சான்றிதழ் விஷயம் ஒன்று. மேடையில் கொடுப்பதற்காக அசலை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் ஹெச்.எம். மேஜையிலேயே தூங்குகிற கதை நிறையப் பார்த்திருக்கிறேன். விழா முடிந்த அன்றே பிள்ளை கையில் போய்ச் சேர வேண்டும். லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் யாராவது கையெழுத்தோ முத்திரையோ போட வேண்டி வந்தால் சிக்கல். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, எந்தக் காகிதம் என்றைக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

எட்டாவது படிக்கிறவள் அம்மா:

நான் டீச்சர் இல்லை, எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், அதனால் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கமும் பட்டாசு ஆலை ஊர்தான். மதியம் இரண்டு மணிக்கு விழா வைத்தால் ஒரு நாள் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள், அப்புறம் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று மைக்கில் சொல்வீர்கள். ஐந்து மணிக்கு ஆரம்பியுங்கள். கடைசி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானால் அவருக்காகக் காத்திருக்காமல் பிள்ளைகள் நிகழ்ச்சியைத் தொடங்கிவிடுங்கள், அவர் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளட்டும்.

ஒரு வேண்டுகோள், பிரிவு உபசாரத்துக்கு என்று பிள்ளைகளிடம் காசு கேட்காதீர்கள். எங்கள் பள்ளியில் ஒரு வருடம் ஒரு வகுப்பில் மட்டும் ஆளுக்கு ஐம்பது என்று வசூல் நடந்தது, என் மகள் கொடுக்கவில்லை என்று அழுதுகொண்டு வந்தாள். டீச்சர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்வது அவர்கள் பாடு.

சமையலர் அக்கா விஷயத்தில் நீங்கள் நினைப்பதுதான் சரி. என் மகள் ஆறாவதில் சேர்ந்த புதிதில் முட்டை சாப்பிடமாட்டாள், அதற்காகச் சோறே வாங்காமல் பட்டினி கிடந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது, வகுப்பு டீச்சருக்கும் தெரியாது. சமையல் அக்காதான் சாயங்காலம் வழியில் பார்த்து என்னிடம் சொன்னது. இப்படிப் பல வீட்டில் இருக்கும். சால்வையோ மோதிரமோ எதுவாவது கொடுங்கள், ஆனால் மற்ற மூன்று பேரும் உட்காருகிற வரிசையிலேயே அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள். நன்றியுரையின் கடைசியில் "மேலும் சத்துணவுப் பணியாளர்களுக்கும்" என்று மைக் செட்காரரோடு சேர்த்துச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். பெரியவர்கள் யாரும் பேச வேண்டாம், ஏழாவது எட்டாவது பிள்ளை ஒன்றைப் பேச விடுங்கள், எழுதிக் கொடுக்காமல்.

மதுரைப் பக்கம்:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. மோதிரத்தை ஏன் எல்லாரும் இவ்வளவு குறைவாகப் பார்க்கிறீர்கள்? முப்பது வருடமாக ஒவ்வொருவர் ஓய்வுக்கும் அந்தத் தமிழம்மா தன் பங்கைப் போட்டுக்கொண்டே வந்திருப்பார், இப்போது அவர் முறை வரும்போது "புதுமையாகச் செய்வோம்" என்று ஒரு மரக்கன்றைக் கொடுத்து அனுப்பினால் எப்படி? இது மொய் மாதிரி, எழுதியவருக்குத் திரும்ப வர வேண்டும். மோதிரத்தைத் தொடாதீர்கள், மற்றவர்களுக்குக் கூட்டுவதற்கு வழி பாருங்கள்.

குறைக்க வேண்டியது வேறு. முதலில் வாழ்த்து மடல். "அன்னையே, அருந்தமிழே, அறிவின் அணையா விளக்கே" என்று ஆரம்பித்து கண்ணாடிச் சட்டம் போட்டு இரண்டடிக்கு மூன்றடியில் ஒன்று, அதையும் ஒருவர் முழுதாக மேடையில் வாசிப்பார், பிறகு அது வீட்டில் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கும். தமிழம்மாவுக்கே எழுத்துப் பிழையோடு ஒரு வாழ்த்து மடல் வாசித்த கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அம்மா மேடையிலேயே பேனாவை எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. இரண்டாவது சால்வை வரிசை. ஒவ்வொருவராக ஏறி, போர்த்தி, படத்துக்கு நின்று, இறங்கி, அடுத்தவர். இருபது சால்வையை அந்த அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்யும்? ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் சால்வைக்குப் பதில் பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தருவார்கள், முதல் பக்கத்தில் அம்மா பெயரை எழுதி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, ஓய்வு பெறுபவரே பள்ளிக்கு அன்பளிப்புத் தருவது. தரட்டும், நல்லதுதான், ஆனால் ட்யூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்குப் பெயர் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தக் கணக்கு சார். மாறுதல் கலந்தாய்வு முடிந்து ஆணை கையில் வந்துவிட்டதா? வரவில்லை என்றால் கைக்கடிகாரத்தை இப்போது கொடுக்காதீர்கள். இங்கே ஒரு பள்ளியில் கண்ணீரும் கம்பலையுமாக வழியனுப்பி வைத்தார்கள், கலந்தாய்வில் அவர் கேட்ட இடம் கிடைக்கவில்லை, ஜூனில் அதே கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார், யாராவது மணி கேட்டால் சிரிப்பு.

ஒன்று மட்டும் விடாதீர்கள், விழா முடிந்து ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து தமிழம்மாவை வீடு வரை கொண்டுபோய் விடுவது. அந்த வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து உள்ளே கூப்பிட்டு காபி கொடுக்கும்போதுதான் பலருக்கு ஓய்வு பெற்றது உறைக்கும். மேளம், வெடி வேண்டாம் என்றால் விடுங்கள், போய்வருவதை விடாதீர்கள்.

கரிசல் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மதுரைப் பக்கம் சார், சிரித்துவிட்டேன். கணக்கு சாருக்கு ஆணை வரவில்லை, கேட்டதற்கு "எப்படியும் கிடைச்சிரும்" என்கிறார். அவரே "என் பெயரை அழைப்பிதழில் போட வேண்டாம்" என்று ஒத்துக்கொண்டார், அதனால் இப்போது மூன்று பேர்தான்.

ஹெச்.எம்.மிடம் பேசினேன். அறிக்கையை இரண்டாக்குவது அவருக்கும் பிடித்துவிட்டது (வாசிப்பது குறையும் என்பதால் எல்லாருக்கும் பிடிக்கிறது). சிலம்பத்தில் தொடங்கி, வில்லுப்பாட்டு, இன்ஸ்பயர், என்.எம்.எம்.எஸ். எழுதியவர்கள், துணைத் தேர்வு வரி, கடைசியில் அந்த 7.5 விஷயம் என்று வரிசை போட்டிருக்கிறேன். இன்ஸ்பயர் பையனுக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் கணக்கில் வரும் என்பதால் அதையும் ரூபாயிலேயே சொல்லப் போகிறேன். ஐந்து மணிக்கு ஹெச்.எம். சம்மதித்துவிட்டார், ஆனால் விளக்கு வாடகை கூடும் என்று முனகுகிறார். சமையலர் அக்காவுக்கு மேடையில் நாற்காலி உறுதி. ஏழாம் வகுப்பில் கேட்டதும் பேச பதினொரு கை உயர்ந்தது, இப்போது யாரை விடுவது என்பது அடுத்த தலைவலி.

தற்காலிக ஆசிரியை விஷயம்தான் நிற்கிறது. ஒரு சீனியர் "அவங்களுக்கும் மேடை போட்டா நாளைக்கு ஒவ்வொரு வருஷமும் போடணும்" என்கிறார். அந்த ஆசிரியையிடம் கேட்டால் "எனக்கு ஒன்றும் வேண்டாம் மிஸ், நான் அன்றைக்கு வரவே போவதில்லை" என்கிறார். ஆனால் பத்தாம் வகுப்புக்கு இந்த வருடம் முழுவதும் அறிவியல் எடுத்தது அவர்தான், சனிக்கிழமை சிறப்பு வகுப்பும் அவர்தான்.

முன்னாள் தற்காலிகம்:

நான் அந்த இடத்தில் இருந்தவள், அதனால் எழுதுகிறேன். 2022-ல் முதன்முதலாக மேலாண்மைக் குழு மூலம் எடுத்தபோது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 என்று சேர்ந்தேன். வேலை மற்றவர்களுடையதுதான், தேர்வுப் பணியும் உண்டு, விடைத்தாளும் உண்டு. நான் இருந்த பள்ளியில் கடைசி நாள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அவர் வரவில்லை என்று சொல்வதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. மோதிரம் வாங்குகிறவர் பக்கத்தில் ஒரு சால்வையோடு நிற்க யாருக்கும் பிடிக்காது, அதைவிட, ஜூனில் வேலை இருக்குமா என்று தெரியாமல் மேடையில் சிரித்துக்கொண்டு நிற்பது கஷ்டம். கட்டாயப்படுத்தாதீர்கள்.

சீனியர் சொல்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. அவருக்குப் பிரிவு உபசாரம் என்று தலைப்பே வேண்டாம், நீங்கள் வாசிக்கிற அறிக்கையில் பத்தாம் வகுப்பு பற்றிய இடத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள், சனிக்கிழமை வகுப்பையும் சொல்லுங்கள். அது மேடை இல்லை, அறிக்கை, யாரும் ஆட்சேபிக்க முடியாது. அச்சடித்த முழு அறிக்கையிலும் அது இருக்கட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவர்களாகவே ஏதாவது செய்வார்கள், அதை நீங்கள் ஏற்பாடு செய்யத் தேவையில்லை.

ஆனால் உண்மையிலேயே அவருக்கு வேண்டியது பணி அனுபவச் சான்று. ஹெச்.எம். கையெழுத்தோடு, கடைசி நாளுக்கு முன்னாலேயே. மே மாதம் பள்ளி பூட்டிவிட்டால் கையெழுத்துக்காக அலைய வேண்டும், ஹெச்.எம். மாறிவிட்டால் புதியவர் "எனக்குத் தெரியாதே" என்பார், எனக்கு அப்படித்தான் ஆனது. சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, எந்தப் பாடம், எந்தெந்த வகுப்பு, மேலாண்மைக் குழுத் தீர்மான எண், நன்னடத்தை, எல்லாம் வர வேண்டும். முடிந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் மேலொப்பமும் வாங்கி வைத்துவிடுங்கள், உங்கள் ஹெச்.எம். ஏதாவது மீட்டிங்குக்கு அங்கே போகும்போது கையோடு கொண்டுபோனால் ஆயிற்று. தனியார் பள்ளியில் நேர்காணலுக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான். மாதிரிப் படிவம் என்னிடம் இருக்கிறது, வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.